முதலில் சத்தம் வரட்டும்: கட்டற்ற இசை மென்பொருளுக்குப் புதிதாக வருகிறவருக்கு உதவ ஒரு முழுமையான வழிகாட்டி

வயலின் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை, யாரும் பயன்படுத்த, மாற்ற, பகிரச் சுதந்திரம் உள்ள ஒரு கட்டற்ற இசை மென்பொருளின் உதவிக் குழுவில் ஒருமுறை மூன்றே வரி எழுதியிருந்தார். மைக் வாங்கியாகிவிட்டது, கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டாகிவிட்டது, மாணவர்களுக்கு ஒரு வர்ணம் பதிவுசெய்து அனுப்ப வேண்டும், ஆனால் திரையில் வெறும் நேர்கோடுதான் விழுகிறது, சத்தம் இல்லை. அரை மணி நேரத்துக்குள் நான்கு பதில்கள் வந்தன. ஒருவர் கையேட்டின் முகவரியை மட்டும் ஒட்டிவிட்டுப் போனார். இன்னொருவர், "இது நூறு தடவை கேட்ட கேள்வி, தேடிப் பாருங்கள்" என்றார். மூன்றாமவர், அவர் போட்டிருந்த லினக்ஸ் வகையே சரியில்லை, வேறொன்று போடுங்கள் என்றார். நான்காவது பதில் என்னுடையது: "விவரம் போதாது." அந்த ஆசிரியை திரும்பி வரவே இல்லை.

நான்கு பதிலிலும் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் எழுதிய மூன்று வரிக்குள்ளேயே மைக்கின் பெயர் இருந்தது. அது கண்டென்சர் மைக். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இண்டர்ஃபேஸில் அதற்கென்று ஒரு பட்டன் இருக்கும். "அந்தப் பட்டனை அழுத்தியிருக்கிறீர்களா?" என்று எங்களில் ஒருவர் கேட்டிருந்தால், அன்று மாலையே வர்ணம் பதிவாகியிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கேள்வியை நாங்கள் யாருமே சரியாகப் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல வருடங்களாக ஒலியைப் பதிவுசெய்து திருத்தும் ஆடாசிட்டி, பல டிராக்குகளில் பதிவுசெய்யும் ஆர்டோர், இசைத்தாள் அச்சிடும் லில்லிபாண்ட் என்று வெவ்வேறு இடங்களில் புதியவர்களுக்குப் பதில் எழுதி வருகிறேன். இந்த மென்பொருள்களைக் கொஞ்ச காலமாகப் பயன்படுத்துகிற, அவ்வப்போது யாருக்காவது பதில் சொல்கிற உங்களுக்காக, அதில் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: கேட்கிறவர் யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்

நிரல் எழுதுகிறவர்களின் குழுவுக்குப் புதிதாக வருகிறவர், பெரும்பாலும் அந்தத் துறைக்கே புதியவராக இருப்பார். இசை மென்பொருளில் கதை வேறு. முப்பது வருடம் கச்சேரி செய்தவர், சர்ச்சில் பதினைந்து வருடமாகக் கீபோர்டு வாசிப்பவர், கல்யாண மண்டபங்களில் நாதஸ்வரம் வாசிப்பவர் என்று யார் வேண்டுமானாலும் "புதியவர்" என்ற பெயரில் வந்து நிற்பார். கணினிதான் அவருக்குப் புதிது, இசை அல்ல. அவரைப் பொடியன்போல நடத்தும் பதில், அவர் மனத்தில் எங்கே போய்த் தைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் பேசும் சொற்களும் வேறு. ஒருவர் கேட்கிறார்: "பாட்டு 4 கட்டையில் இருக்கிறது, 3 கட்டைக்கு இறக்க வேண்டும், ஆடாசிட்டியில் எப்படி?" கட்டை என்றால் என்னவென்று தெரியாதவருக்கு இது குழப்பமான கேள்வி. தெரிந்தவருக்கோ இதைவிடத் தெளிவான கேள்வி கிடையாது. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிவரும் கணக்கு அது. 1 கட்டை என்பது சி, 3 என்பது இ, 4 என்பது எஃப். இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லாததால் 4-லிருந்து 3-க்கு இறக்க ஒரே ஒரு செமிடோன் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள மிகச் சிறிய இடைவெளி) போதும். அதுவே 2-லிருந்து 1 என்றால் இரண்டு செமிடோன். ஆக, பதில் இவ்வளவுதான்: பாட்டு முழுவதையும் தேர்ந்தெடுத்து, சேஞ்ச் பிட்ச் எஃபெக்டைத் திறந்து, செமிடோன் கட்டத்தில் மைனஸ் 1 கொடுங்கள். "முதலில் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றுவது) என்றால் என்னவென்று படித்துவிட்டு வாருங்கள்" என்று ஒருவர் இவருக்கு எழுதியதைப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் அதைத்தான் தினமும் தம்புராவில் செய்துகொண்டிருப்பவர்.

எனவே பதில் எழுத உட்காரும்போது இரண்டை முடிவுசெய்துகொள்ளுங்கள். அவருக்கு இசை தெரியும். மென்பொருளின் சொற்கள் அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

படி 2: முதல் வரி

ஒரு வணக்கம், கேள்வியைப் படித்தீர்கள் என்று காட்டும் ஒரு வரி. போதும். "வயலின் பதிவு செய்யப் பார்க்கிறீர்கள், மைக் கண்டென்சர் வகை என்று புரிகிறது" என்று எழுதினாலே, எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். குழுவின் விதிகளை முதல் வரியில் கொட்ட வேண்டாம். தப்பான இடத்தில் கேட்டிருந்தாலும் முதலில் பதிலைச் சொல்லிவிட்டு, கடைசியில் "அடுத்த முறை இந்தப் பகுதியில் கேட்டால் சீக்கிரம் பதில் கிடைக்கும்" என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. ஆளைப் பார்க்காமல் "ப்ரோ", "தம்பி", "சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் அமர்ந்து பதிவுசெய்யும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு பதிலிலும் "சார்" என்று வாசிக்கும்போது, இது தங்களுக்கான இடம் இல்லை என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். நீங்கள், உங்கள் என்றே எழுதினால் யாருக்கும் குறை இருக்காது.

படி 3: விவரம் கேட்கத் தெரிய வேண்டும்

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"சத்தம் வரவில்லை" என்பது இரண்டே சொல். ஆனால் லினக்ஸில் ஒரு குரல் வாயிலிருந்து புறப்பட்டுக் காதுக்குத் திரும்பி வர எத்தனை இடங்களைத் தாண்ட வேண்டும்? மைக், கேபிள், 48 வோல்ட் பட்டன், கெயின் திருகு, யுஎஸ்பி, லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஒலிக்கருவிகளைக் கையாளும் ஆல்சா, அதன் மேலே மென்பொருள்களுக்கு ஒலியைக் கொண்டுசேர்க்கும் ஜாக் அல்லது பைப்வயர், மென்பொருள் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது, டிராக்குக்கு (ஒரு குரலோ வாத்தியமோ பதிவாகும் வரிசைக்கு) எந்த உள்ளீடு இணைந்திருக்கிறது என்பது, டிராக்கின் சிவப்புப் பட்டன், மேலே உள்ள பொதுவான சிவப்புப் பட்டன், எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர், கடைசியாக ஹெட்ஃபோன். பதின்மூன்று இடங்கள். இதில் எது அடைத்துக்கொண்டாலும் புதியவருக்குத் தெரிவது ஒன்றுதான்: சத்தம் வரவில்லை. ஆகவே அவர் விவரம் தராதது சோம்பலால் அல்ல. விவரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் நம்மிடம் கேட்கவந்ததே அதைத்தான்.

இப்படிப்பட்டவரிடம் "உங்கள் சிஸ்டத்தின் முழு விவரம், கெர்னல் வெர்ஷன், லாக் ஃபைல் எல்லாம் கொடுங்கள்" என்றால் அவர் மிரண்டுபோவார். சங்கிலியை நடுவில் வெட்டுகிற மாதிரி ஒரு கேள்வி கேளுங்கள்.

"நீங்கள் வாசிக்கும்போது இண்டர்ஃபேஸில் மைக் செருகியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன விளக்கு பச்சையாகிறதா?" இந்த ஒரு கேள்வி போதும். ஆகிறது என்றால் மைக், கேபிள், 48 வோல்ட், கெயின் நான்கும் சரி, கோளாறு கணினிப் பக்கம். ஆகவில்லை என்றால் கணினியைத் தொடவே வேண்டியதில்லை. அடுத்த கேள்வி: "மென்பொருளில் அந்த டிராக்குக்குப் பக்கத்தில் உள்ள மீட்டர் ஏறி இறங்குகிறதா?" ஏறுகிறது என்றால் உள்ளே வரும் வழி முழுக்கச் சரி. பதிவாகாமல் இருப்பதற்குப் பட்டன்கள்தான் காரணம். ஆர்டோரில் டிராக்கின் சிவப்புப் பட்டனையும் அழுத்தி, மேலே இருக்கும் பொதுச் சிவப்புப் பட்டனையும் அழுத்தி, அப்புறம் ப்ளே கொடுத்தால்தான் பதிவு ஓடும். மேலே இருக்கும் ஒன்றை மட்டும் அழுத்திவிட்டுக் காத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். கேசட் ரெக்கார்டரில் பழகியவர்கள் வேறு எப்படிச் செய்வார்கள்?

ஒரு தடவைக்கு இரண்டு கேள்வி, மிஞ்சிப்போனால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பதில் எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். "வெர்ஷன் என்ன?" என்று நிறுத்தாமல், "ஹெல்ப் மெனுவில் அபவுட் என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்தால் ஓர் எண் தெரியும், அதை எழுதி அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். சொல்லில் விவரிக்க வராவிட்டால் திரையைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போனில் எடுத்த மங்கலான படத்தைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் படம் போதும், சிவப்புப் பட்டன் எரிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சுரக்குறிப்பு அச்சிடும் லில்லிபாண்டில் இதே விஷயம் வேறு உருவத்தில் வரும். அங்கே நிரல்போல எழுத்தில் அடித்துத்தான் இசைத்தாள் உண்டாக்க வேண்டும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால், தப்பு நடந்த வரியை விட்டுவிட்டு எங்கேயோ கீழே இருக்கும் வரியைப் பிழைச் செய்தி காட்டும். முந்நூறு வரிக் கோப்பை அப்படியே ஒட்டிவிட்டு, "பிழை வருகிறது" என்பார் புதியவர். பழைய ஆட்கள் "சின்ன உதாரணமாகச் சுருக்கிக் கொடுங்கள்" என்பார்கள். நியாயமான கோரிக்கைதான், ஆனால் எப்படிச் சுருக்குவது என்று சொல்லிக்கொடுப்பவர் குறைவு. நான் இப்படி எழுதுவேன்: "கோப்பை வேறு பெயரில் நகலெடுங்கள். நகலில் பாதியை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிழை இன்னும் வந்தால் மீதியிலும் பாதியை அழியுங்கள். வராவிட்டால் அழித்ததைத் திரும்பப் போட்டு மற்ற பாதியை அழியுங்கள். பத்து வரிக்கு வந்ததும் அனுப்புங்கள்." பாதிப் பேர் சுருக்கிக்கொண்டே வரும்போது பிழையைத் தாங்களே பிடித்துவிடுவார்கள். அந்தச் சந்தோஷத்தை எழுதி அனுப்புவார்கள் பாருங்கள், அதைப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

படி 4: தீர்வை நடந்து காட்டுவதுபோல எழுதுங்கள்

சத்தம் வரவைப்பது முதல் வேலை. ஏன் வந்தது என்ற விளக்கம் இரண்டாவது. கேட்டவர் பதிவுசெய்ய உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மாணவர்கள் காத்திருக்கலாம். ஆல்சாவின் வரலாற்றை அப்புறம் பேசலாம்.

டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் ஜன்னலில்) கட்டளை அடிக்கச் சொன்னால் மூன்று விஷயங்களை எழுதாமல் விடாதீர்கள். அது எதை மாற்றுகிறது, மாற்றியதைத் திரும்பப் பெறுவது எப்படி, மாற்றம் எப்போது அமலுக்கு வரும். கடைசி விஷயத்தை அனுபவசாலிகளே மறந்துவிடுவார்கள். ஒலி தடங்காமல் ஓட, கணினிக்குள் இருக்கும் ஆடியோ என்ற பயனர் குழுவில் பயனரைச் சேர்க்கச் சொல்வது பழைய வழக்கம். சேர்த்தபின் ஒருமுறை கணினியிலிருந்து வெளியேறி (லாக் அவுட்) மறுபடி உள்ளே வந்தால்தான் அது செல்லுபடியாகும். இது பழையவருக்கு மூச்சுவிடுகிற மாதிரி, சொல்லத் தோன்றாது. புதியவரோ கட்டளை பலிக்கவில்லை என்று நினைத்து, அதையே ஐந்து தடவை அடித்து, இணையத்தில் கிடைத்த வேறு நான்கையும் அடித்து, இருந்ததையும் கெடுத்துக்கொள்வார்.

விளக்கம் சொல்லும் நேரம் வந்தால் அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். லேட்டன்சியையே, அதாவது ஒலி வந்துசேரும் தாமதத்தையே, எடுத்துக்கொள்வோம். "நான் பாடுவது எனக்கே தாமதமாகக் கேட்கிறது" என்பார். "பஃபரைக் குறையுங்கள்" என்பது சரியான பதில், ஆனால் அவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. நான் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். பஃபர் என்பது கணினி ஒருமுறைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டுகளின் எண்ணிக்கை, சாம்பிள் ரேட் என்பது ஒரு நொடிக்கு எத்தனை துண்டு என்பது. பஃபர் 1024, சாம்பிள் ரேட் 48,000 என்றால் ஒரு பஃபருக்கு 21 மில்லிசெகண்ட் ஆகும். இரண்டு பஃபர் என்ற வழக்கமான அமைப்பில் சுமார் 43. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. ஆக, 43 மில்லிசெகண்ட் என்பது மிருதங்கக்காரரைப் பதினைந்து மீட்டர் தள்ளி உட்காரவைத்துவிட்டுப் பாடுவதற்குச் சமம். அதே பஃபரை 128 ஆக்கினால் ஐந்து மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது அவர் இரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டார், மேடையில் எப்போதும் உட்காரும் தூரம்தான். இத்துடன் இண்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் கொஞ்சம் சேரும். பஃபரைச் சிறிதாக்கினால் கணினிக்கு மூச்சு வாங்க நேரம் குறையும், அதனால் படபடவென்று இரைச்சல் வரலாம், வந்தால் 256-க்கு ஏற்றிப் பாருங்கள். இப்படி ஒருமுறை சொன்னால் எந்தப் பாடகருக்கும் புரியும். அதற்குப் பிறகு அவரே எண்ணை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்வார்.

பழைய பதிலின் இணைப்பைக் கொடுக்கும் முன் அதன் தேதியைப் பாருங்கள். லினக்ஸ் ஒலியில் இது ரொம்ப முக்கியம். பல வருடங்களாகச் சாதாரண ஒலிக்குப் பல்ஸ்ஆடியோ, இசை வேலைக்கு ஜாக் என்று இரண்டையும் ஒட்டவைக்கப் பக்கம் பக்கமாகக் குறிப்புகள் எழுதப்பட்டன. இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் பைப்வயருக்கு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோராவின் 34 வெர்ஷன் 2021-ல் மாறியது, இன்னொரு வகையான உபுண்டுவின் 22.10 வெர்ஷன் 2022-ல் மாறியது, பைப்வயரின் 1.0 வெர்ஷன் 2023-ல் வந்தது. இன்றைக்கு உபுண்டு போட்டிருக்கும் ஒருவருக்கு 2012-ன் குறிப்பைக் கொடுத்தால் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை அவர் கழற்றிப் போடுவார். "தேடிப் பார்த்திருக்கலாமே" என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். தேடினால் முதலில் கிடைப்பதில் பாதி காலாவதியானது. எது காலாவதி என்று பிரித்தறிய, பழகியவரால்தான் முடியும்.

"அந்த மென்பொருள் வேண்டாம், இதைப் போடுங்கள்" என்ற பதிலைப் பற்றி ஒரே வரி: அவர் கேட்கவில்லை என்றால் சொல்ல வேண்டாம்.

படி 5: ஆங்கிலம் கரடுமுரடாக இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்

இந்தக் குழுக்களில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேச்சு நடக்கும். நம் ஊரிலிருந்து கேட்கிறவர்கள் எழுதுவது முரட்டுத்தனமாக ஒலிக்கிறது என்று வெளிநாட்டு நண்பர்கள் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று யோசித்தபோது ஒன்று புரிந்தது. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. சொல்லு, சொல்லுங்கள். "எப்படிச் செய்வதென்று சொல்லுங்கள்" என்பதில் முழு மரியாதை உண்டு, தனியாக ஒரு "தயவுசெய்து" தேவையில்லை. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் வால் அறுந்துவிடும், மிச்சம் இருப்பது வெறும் கட்டளை. இன்னொன்று, "எனக்கு ஒரு சந்தேகம்". இந்தியாவில் டவுட் என்றால் கேள்வி. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருப்பவர் அதைப் படித்தால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்பதுபோல எடுத்துக்கொள்வார். கேட்டவர் கைகட்டிக்கொண்டு கேட்கிறார், படித்தவருக்குக் கோபம் வருகிறது.

உங்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும். அதனால் இந்த இடத்தில் உங்களால் செய்ய முடிவது பிறரால் முடியாது. கேட்டவரின் கேள்வியைத் தெளிவான ஆங்கிலத்தில் ஒருமுறை எடுத்து எழுதி, "இதைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன்" என்று போடுங்கள். குழுவின் விதி அனுமதித்தால் கீழே தமிழிலும் இரண்டு வரி எழுதுங்கள். ஆங்கிலப் பிழையைத் திருத்தாதீர்கள். உங்கள் பதிலில் வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். பிரேசிலிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ ஒருவர் மொழிபெயர்ப்புக் கருவி வழியாகப் படித்துக்கொண்டிருக்கலாம், அப்போது சிலேடையும் கிண்டலும் அவரிடம் தலைகீழாகப் போய்ச் சேரும்.

படி 6: வேறொருவர் சுள்ளென்று பேசிவிட்டால்

முதலில் புதியவரைக் கவனியுங்கள். அந்த முரட்டுப் பதிலுக்குக் கீழேயே ஒரு நல்ல பதிலை எழுதுங்கள், சண்டையைத் தொடாமல். சண்டை ஆரம்பித்தால் கேள்வி காணாமல் போகும், கேட்டவர் தன்னால்தான் எல்லாம் நடக்கிறது என்று பயந்து ஒதுங்கிவிடுவார். பேசியவருக்குத் தனியாக எழுதுங்கள்: "அவர் முதல்முறையாகக் கேட்கிறார், பதில் கொஞ்சம் கடுமையாகப் பட்டது." நான் எழுதியவர்களில் பலர் பதிலைத் திருத்திவிட்டார்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை, வேலை முடிந்து வந்து ராத்திரி பதினொரு மணிக்குப் பத்தாவது தடவையாக அதே கேள்வியைப் பார்த்திருப்பார்கள். திருத்தாமல் தொடர்ந்தால் குழுவின் பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள்.

நன்றாக நிரல் எழுதுகிறவருக்கு வாய் கொஞ்சம் நீளமாக இருக்கலாம் என்று ஒரு காலத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டு இருந்தோம். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில், தன்னுடைய கடுமையான மின்னஞ்சல்களுக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார். அதே சமயம் கெர்னல் திட்டமும் ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டது. 2014-ல் எழுதப்பட்ட கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற நெறிதான் அதற்கு அடிப்படை, அதையே ஏராளமான திட்டங்கள் பின்பற்றுகின்றன. உங்கள் மென்பொருளின் குழுவில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும்.

படி 7: புதியவரே கோபமாக வந்தால்

வருவார்கள். ஆர்டோரில் இது அடிக்கடி நடக்கும். அதன் மூல நிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது, ஆனால் உடனே நிறுவக்கூடிய தயார் வடிவத்துக்கு அதன் தளத்தில் பணம் கேட்பார்கள். "ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம்தானே, ஏன் ஏமாற்றுகிறீர்கள்?" என்று ஒருவர் வருவார். பதிலுக்குக் கொதிக்காமல் இருப்பதைச் சொல்லுங்கள்: நிரலைப் படிக்க, மாற்ற, பகிரச் சுதந்திரம் உண்டு, அந்தப் பணம் அதை எழுதுகிறவர்களின் பிழைப்புக்குப் போகிறது, டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ்களில் அதைப் பணம் கொடுக்காமலே நிறுவிக்கொள்ளலாம். இவ்வளவு பெரிய மென்பொருளை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிந்ததும் பேச்சின் சூடு இறங்கிவிடும். நம்மைப் போன்றவர்கள் பதில் எழுதும் ஒவ்வொரு கேள்வியும் அந்தச் சிலருக்கு மிச்சமாகும் நேரம்.

ஒருமுறை அமைதியாகச் சொல்லியும் வசவு தொடர்ந்தால் விலகிக்கொள்ளுங்கள். திட்டு வாங்குவது உதவியின் பகுதி இல்லை. அதேபோல உங்களுக்கே எரிச்சலாக இருக்கும் நாளில் பதில் எழுதாமல் இருந்துவிடுங்கள், நாளைக்கு எழுதலாம். கேள்வி ஒருநாள் காத்திருந்தால் யாருக்கும் காயம் இல்லை.

படி 8: நூறாவது தடவை வரும் கேள்வியை எழுதிவையுங்கள்

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், கேட்கிறவர்கள் எல்லோரிடமும் தப்பு இருக்க வாய்ப்பில்லை. மென்பொருளில் ஒரு படிக்கட்டு உடைந்திருக்கிறது, எல்லோரும் அங்கேயே தடுக்கி விழுகிறார்கள்.

ஆடாசிட்டியின் கதையைச் சொல்கிறேன். 1999-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்சோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் தொடங்கி, 2000-ல் வெளிவந்தது. அதில் ஒரு பாட்டைச் சேமித்தால் ஏயுபி என்று ஒரு சின்னக் கோப்பும், பக்கத்திலேயே டேட்டா என்ற சொல்லோடு முடியும் ஒரு கோப்புறையும் உண்டாகும். ஒலி முழுவதும் இருப்பது கோப்புறையில். புதியவர்கள் சின்னக் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போவார்கள். அங்கே திறந்தால் ஒன்றும் இருக்காது. சிலர் "இது என்ன குப்பை" என்று கோப்புறையை அழித்தேவிடுவார்கள், அத்துடன் பதிவு போய்விடும். எவ்வளவு பேர் அழுதபடி வந்து கேட்டிருக்கிறார்கள்! "கையேட்டிலேயே இருக்கிறது, கோப்புறையை அழிக்கக் கூடாது" என்று வருடக்கணக்காகப் பதில் சொன்னோம். 2021 மார்ச்சில் வந்த 3.0-ல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கும்படி மாற்றினார்கள். அந்தக் கேள்வியின் தேவையே போய்விட்டது.

எம்பி3 விஷயமும் அப்படித்தான். காப்புரிமைச் சிக்கலால் எம்பி3-ஆக மாற்றித்தரும் லேம் என்ற துணைக் கோப்பைத் தனியாக இறக்கி, அது இருக்கும் இடத்தை ஆடாசிட்டிக்குக் காட்ட வேண்டியிருந்தது. பாட்டை எம்பி3-ஆக மாற்ற வந்த தாத்தா பாட்டிகள் வரை எல்லோரும் அங்கே சிக்கினார்கள். 2017-ல் காப்புரிமைகள் முடிந்தன, 2019-ல் 2.3.2 வெர்ஷனோடு லேமைச் சேர்த்தே கொடுத்தார்கள்.

ஆகவே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வி, எத்தனை தடவை, புதியவர் எந்தச் சொல்லில் கேட்டார் என்று குறியுங்கள். ஐந்து சேர்ந்ததும் பக் ரிப்போர்ட்டாகவோ (பிழை அறிக்கையாகவோ) கையேட்டுக்கான திருத்தமாகவோ அனுப்புங்கள். புதியவரின் சொல்லையே தலைப்பில் போடுங்கள். "உள்ளீட்டு வழித்தடப் பிழை" என்று தலைப்பு வைத்தால் யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். "பதிவு செய்தேன், வெறும் கோடுதான் வருகிறது" என்று வைத்தால் கண்டுபிடிப்பார்கள். பழகிப்போன நம் கண்ணுக்கு உடைந்த படி தெரியாது, தாண்டித் தாண்டிக் கால் பழகிவிட்டது. அது முதல்முறை வருகிறவருக்குத்தான் தெரியும். அதுவும் இரண்டு மூன்று வாரம்தான், அப்புறம் அவருக்கும் பழகிவிடும்.

படி 9: பிரச்சினை தீர்ந்தபின்

"சரியாகிவிட்டதா?" என்று இரண்டு நாள் கழித்து ஒரு வரி கேளுங்கள். ஆகிவிட்டது என்றால், என்ன செய்தபின் சரியானது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள், அதே கோளாறோடு தேடிவருகிற அடுத்தவருக்கு அதுதான் கைகொடுக்கும். பதிவுசெய்ததைக் கேட்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லுங்கள். இசைக்காரருக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு கிடையாது. ஒரு மாதம் கழித்து அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்று குழுவில் வந்தால், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நான் கைவசம் வைத்திருக்கும் மாதிரிப் பதில் இது. "சத்தம் வரவில்லை" என்று வரும் எவருக்கும் பொருந்தும், அவரவர் கேள்விக்கேற்ப மாற்றி, விருப்பம்போல எடுத்துப் பயன்படுத்துங்கள்:

"வணக்கம். பதிவு செய்யும்போது வெறும் கோடு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரம்பத்தில் பலருக்கும் இப்படி ஆகும், பெரும்பாலும் ஒரே ஒரு பட்டன்தான் காரணமாக இருக்கும். இரண்டு விஷயம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, நீங்கள் பாடும்போது இண்டர்ஃபேஸில் மைக் செருகிய இடத்துக்குப் பக்கத்து விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால், 48 வி என்று எழுதிய பட்டன் இருக்கிறதா, அது அழுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, விளக்கு எரிகிறது என்றால், திரையில் அந்த டிராக்குக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறதா? சொல்வது சிரமமாக இருந்தால் போனில் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள், எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இன்று இரவு ஒன்பது மணிவரை இங்கேதான் இருப்பேன். அதற்குள் முடியாவிட்டால் நாளைக் காலையில் பார்க்கிறேன். அப்புறம், என்ன பாட்டு பதிவு செய்யப்போகிறீர்கள்?"